கத்திக்கு முன் ஒரு வார்த்தை

வீட்டில் ஒருவருக்கு ரண சிகிச்சை அவசியம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்று முதல் அந்த வீட்டில் எல்லோரும் ரகசியம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சமையலறையில் ஒரு ரகசியம்; கூடத்தில் ஒரு ரகசியம். நோயாளி அருகில் வந்ததும் பேச்சு மழையைப் பற்றியோ மாம்பழ விலையைப் பற்றியோ மாறிவிடுகிறது. "ஒன்றுமே இல்லை, எறும்பு கடித்தது போல இருக்கும், அவ்வளவுதான்!" என்று அவருக்குத் தைரியமும் சொல்லுகிறார்கள்.

இப்படிச் சொல்பவர்களின் அன்பைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பினால் நோயாளிக்கு நன்மை விளைகிறதா என்பதுதான் கேள்வி. அறுத்துத் தைத்த இடம் எறும்புக் கடியைப் போல இராது என்பது மறுநாள் அவருக்கே தெரிந்துவிடுகிறது. உடனே, "சொன்னதற்கு மாறாக இப்படி வலிக்கிறதே! ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது போலிருக்கிறதே!" என்ற பயம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. பயம் வலியை வளர்க்கிறது. வலி பயத்தை வளர்க்கிறது.

இவ்விரண்டையும் தணிக்க மருந்துகள் இருக்கின்றன. மருந்தோடு சேர்ந்து வேலை செய்யக் கூடிய, மருந்தல்லாத சில உபாயங்களும் இருக்கின்றன. அவற்றின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் தேசத்திலேயே, வங்காளத்தில், எழுதப்பட்டது.

ஹூக்ளி ஆஸ்பத்திரி

1845-ஆம் வருஷம். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம். ரண சிகிச்சை என்றால், நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக அறுக்க வேண்டியதுதான். அப்போது ஹூக்ளி நகரத்தில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கம்பெனி உத்தியோகத்தில் டாக்டராக இருந்தார். அதற்கு முந்திய நூற்றாண்டில் வியன்னாவிலும் பாரிஸிலும் பெரும் பரபரப்பை உண்டாக்கிய மெஸ்மர் என்பவரின் முறையைப் பற்றி அவர் படித்திருந்தார். அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில், சிகிச்சை நடந்த பின் வலி தாங்காமல் துடித்த ஒரு கைதியின் மீது அம்முறையை முதல் முதலாகப் பரீட்சித்துப் பார்த்தார். உடம்பின் மேலாகக் கையை மெதுவாக மேலிருந்து கீழே கொண்டு போவதுதான் முறை. கைதி ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்ந்தான்.

பிறகு எஸ்டெயில் இந்த வேலையைத் தம் ஆஸ்பத்திரியில் இருந்த இந்திய வாலிபர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். மருந்து கலப்பவர்களும் காயத்துக்குக் கட்டுக் கட்டுபவர்களுமான அவர்களில் ஹிந்துக்களும் இருந்தார்கள்; முஸ்லிம்களும் இருந்தார்கள். இருட்டாக்கிய அறையில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, மணிக்கணக்காகப் பொறுமையுடன் உழைத்தவர்கள் அவர்களே. உறக்கம் நன்றாகப் பிடித்த பின்னரே டாக்டர் கத்தியுடன் வருவார். பெரிய பெரிய கட்டிகளைக்கூட இப்படி அறுத்து எடுத்தார்கள்.

செய்தி கல்கத்தாவுக்கு எட்டியது. 1846-இல் சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்து இதைப் பரிசோதித்தது. அறுக்கும்போது சிலருடைய உடல் நெளிந்ததையும் முகம் கோணியதையும் கமிட்டியார் கண்டார்கள். ஆனால் அவர்களும் விழித்த பிறகு, வலித்ததாக ஞாபகமே இல்லை என்றார்கள். கல்கத்தாவில் எஸ்டெயிலுக்கு ஒரு சிறிய ஆஸ்பத்திரி அளிக்கப்பட்டது.

அந்த வருஷமே அவருடைய முறைக்கு முடிவும் நெருங்கிவிட்டது. 1846 அக்டோபர் 16-ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஈதர் புகையைச் சுவாசிக்கச் செய்து ஒருவருக்கு ரண சிகிச்சை செய்து காட்டினார்கள். மறு வருஷம் அது இந்தியாவுக்கும் வந்தது. பின்னாலேயே குளோரபாரமும் வந்து சேர்ந்தது. மணிக்கணக்கில் கை வீசி எல்லோரையும் உறங்க வைக்க முடியாது. ஈதரோ சில நிமிஷங்களில், அநேகமாக எல்லோரையும் மயக்கிவிடும். ஈதர் ஜெயித்தது நியாயமே. மெஸ்மர் சொன்ன கண்ணுக்குத் தெரியாத காந்த திரவம் வெறுங் கற்பனை என்று 1784-இலேயே பிரான்ஸ் தேசத்து நிபுணர் கமிட்டி தீர்ப்புச் சொல்லியிருந்தது. அத்தீர்ப்பும் சரியானதே.

ஆயினும் ஹூக்ளியில் நோயாளிகள் உறங்கியது பொய்யல்ல. திரவம் இல்லையென்றால் வேறு என்ன இருந்தது? அமைதியான அறை, பக்கத்தை விட்டு அகலாத ஒரு மனிதர், நமக்கு நல்லதே நடக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பு. மயக்க மருந்து வந்த சந்தோஷத்தில் வைத்திய உலகம் இவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிட்டது.

காயம் ஒன்று, வலி வேறு

மயக்க மருந்து, கத்தி படும் நேரத்தைக் கவனித்துக்கொள்ளும். முதல் நாள் இரவின் பயத்தையும் மறுநாள் காலையின் வலியையும் யார் கவனிப்பது?

இரண்டாவது உலக யுத்தத்தில் 1944-இல் இத்தாலியில் ஆன்ஸியோ கடற்கரையில் கடும் போர் நடந்தது. அப்போது காயமடைந்த அமெரிக்கப் போர் வீரர்களைக் கவனித்தவர்களில் ஹென்றி பீச்சர் என்ற மயக்க மருந்து நிபுணர் ஒருவர். பலத்த காயம் பட்டவர்களிடம், "வலிக்கு மருந்து வேண்டுமா?" என்று கேட்டபோது, நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்களாம்! அதே அளவு காயத்துடன் ஊரில் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் மருந்துக்காகக் கதறுவதை அவர் கண்டிருக்கிறார். காரணம் என்ன என்று யோசித்தார். போர் வீரனுக்குக் காயம் என்றால் யுத்தத்திலிருந்து விடுதலை, வீடு திரும்பும் அனுமதி. ஊர்க்காரனுக்கோ அது வாழ்க்கையில் இடி விழுந்தது போல. காயத்தின் அளவு மட்டுமல்ல, அந்தக் காயத்துக்கு மனம் கொள்ளும் அர்த்தமும் சேர்ந்தே வலியை நிர்ணயிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

1965-இல் மெல்ஸாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். முதுகுத் தண்டில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். காயத்திலிருந்து வரும் செய்தி அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. மூளையிலிருந்து கீழே வரும் உத்தரவு அக்கதவை அகலத் திறக்கவும் செய்யும், ஒருக்களித்து வைக்கவும் செய்யும். அவர்கள் சொன்ன விவரங்கள் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டன. மூலக் கருத்து நிலைத்துவிட்டது. பயந்த மனம் கதவைத் திறந்துவிடுகிறது. தசைகளையும் இறுக்கிவிடுகிறது; இறுகிய தசை புதுத் தையலை இழுத்து மேலும் வலிக்கச் செய்கிறது.

பாஸ்டனில் சொன்ன வார்த்தை

ஈதரைக் காட்டிய அதே பாஸ்டன் ஆஸ்பத்திரியில், லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருந்து டாக்டரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சி செய்து 1964-இல் வெளியிட்டார்கள். வயிற்றில் ரண சிகிச்சை செய்துகொள்ள வந்த 97 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். முதல் நாள் இரவு எல்லோரையும் டாக்டர் போய்ப் பார்த்தார். ஒரு பிரிவினரிடம் மயக்க மருந்தைப் பற்றி மட்டும் பேசினார். மற்றவர்களிடம் உண்மை முழுவதையும் சொன்னார்: "நாளைக்கு இந்த இடத்தில் வலிக்கும், இவ்வளவு வலிக்கும், இத்தனை காலம் இருக்கும். தையலுக்கு அடியில் உள்ள தசைகள் இறுகுவதே வலிக்குக் காரணம். மூச்சை ஆழமாக இழுத்து விட்டு வயிற்றைத் தளர்த்தினால் குறையும். திரும்பிப் படுக்கும்போது வயிற்றுத் தசைகளை உபயோகிக்காமல் கையையும் காலையும் ஊன்றித் திரும்புங்கள். அப்படியும் தாங்காவிட்டால் மருந்து கேளுங்கள், தருவார்கள்."

இவ்வளவுதான். யாருக்கு இப்படிச் சொல்லப்பட்டது என்பது ரண சிகிச்சை செய்த டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் தெரியாது. பலன் என்ன? உண்மை சொல்லப்பட்டவர்களுக்கு, மார்பின் போன்ற மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறையப் பாதியே போதுமானதாயிற்று. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள்.

அதற்கு முந்திய வருஷம் எக்பர்ட் குழுவினர் வேறொரு வேடிக்கையையும் கண்டிருந்தார்கள். சிகிச்சைக்கு முன் தூக்க மருந்து கொடுக்கப்பட்டவர்கள் தூங்கி வழிந்தார்களே தவிர, அவர்கள் மனம் அமைதியடைந்ததாகத் தெரியவில்லை. டாக்டர் வந்து பேசிவிட்டுப் போனவர்களோ விழிப்பாகவும் இருந்தார்கள், அமைதியாகவும் இருந்தார்கள்.

இத்தகைய ஆராய்ச்சிகள் பிறகு பல தேசங்களில் நடந்தன. அவற்றில் 105 ஆராய்ச்சிகளை 2016-இல் ஒன்றாக எடை போட்டுப் பார்த்தார்கள். ஆராய்ச்சிகள் பலவற்றில் குறை உண்டு என்பதையும் சொன்னார்கள். பலன் எக்பர்ட் கண்ட அளவுக்குப் பெரிதல்ல, ஆஸ்பத்திரி வாசம் சுமார் அரை நாள்தான் குறைகிறது என்பதையும் சொன்னார்கள். ஆனாலும் வலியும் மனக் கலக்கமும் ஓரளவு குறைவதாகவே கண்டார்கள். காசு செலவில்லாத ஒரு காரியத்துக்கு இது சாமான்யமான பலனா?

சங்கீதமும் ஜன்னலும்

1914-இல் பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த இவான் கேன் என்ற டாக்டர், ரண சிகிச்சை அறைக்குள் ஒரு கிராமபோனைக் கொண்டுபோய் வைத்தார். நோயாளியின் கவனம் கத்தியை விட்டுப் பாட்டுக்குப் போகட்டும் என்பது அவர் எண்ணம். அவர் எண்ணம் வீண் போகவில்லை. நூற்றாண்டு கழிந்து 2015-இல், சுமார் 7,000 நோயாளிகளைப் பற்றிய 70-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், சங்கீதம் கேட்டவர்களுக்கு வலியும் கவலையும் மருந்துத் தேவையும் குறைவாக இருந்தது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் மட்டும் குறையவில்லை.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஜன்னலை ஆராய்ந்தார். பித்தப்பையில் ரண சிகிச்சை செய்துகொண்ட 46 பேரில் பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. பாதிப் பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரத்தைப் பார்த்தவர்கள் சராசரி 7.96 நாளிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளிலும் வீடு சென்றார்கள். மரத்தைப் பார்த்தவர்கள் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள்.

ஹூக்ளி முறையின் வாரிசு ஒன்று பெல்ஜியம் தேசத்தில் இருக்கிறது. லியேஜ் நகரத்துச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் மாரி எலிஸபெத் ஃபேமன்வில் என்ற பெண் டாக்டர் 1992-இல் தொடங்கி, கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி முதலியவற்றின் ரண சிகிச்சைகளை மனோவசிய நிலையில் நடத்த வழி செய்தார். ஆயிரக்கணக்கானவர்கள் முழு மயக்கமின்றி இப்படிச் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். எஸ்டெயிலுக்கு இல்லாத ஒரு துணை இவருக்கு உண்டு. அறுக்கும் இடத்தை மரத்துப் போகச் செய்யும் ஊசியும், கொஞ்சம் அமைதி தரும் மருந்தும் கூடவே கொடுக்கப்படுகின்றன. இங்கே மனமும் மருந்தும் போட்டியிடவில்லை, கை கோத்துக்கொள்கின்றன.

வீட்டார் செய்யத் தக்கது

இதைப் படித்துவிட்டு, "வலி மருந்து எனக்கு வேண்டாம், பாட்டுக் கேட்டே பொறுத்துக்கொள்வேன்" என்று யாரும் வீரம் பேச வேண்டியதில்லை. வலியை அடக்கிக்கொண்டு கிடப்பவர் ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். அதனால் நுரையீரலில் சளி கட்டிக்கொள்ளும்; காலில் ரத்தம் உறைந்துவிடவும் கூடும். மேலே சொன்ன உபாயங்கள் எல்லாம் மருந்தின் தோழர்களே அன்றி விரோதிகள் அல்ல.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது தாயோ தந்தையோ அருகில் நின்றாலே போதும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெற்றோர் நிற்பதனால் மாத்திரம் குழந்தையின் பயம் குறைவதாகத் தெரியவில்லை. கோமாளி வேஷத்தில் வந்து சிரிக்க வைப்பவர்களும், கையில் வைத்து ஆடும் விளையாட்டுக் கருவியும் அதைவிட நல்ல பலன் தரக் கூடும் என்று தோன்றுகிறது. தாயின் முகம் வெளுத்திருந்தால் குழந்தை அதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது?

ஆகையால், ரண சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். நோயாளியையும் உட்கார வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்: எங்கே வலிக்கும், எவ்வளவு, எத்தனை நாள்? வலித்தால் யாரைக் கூப்பிடுவது? எப்படித் திரும்புவது, எப்படி எழுவது? பதிலை அவரே தம் காதால் கேட்கட்டும். ஆழ்ந்து மூச்சு விடும் பழக்கத்தை முன்கூட்டியே வீட்டில் செய்து பார்க்கட்டும். அவருக்குப் பிடித்த பாட்டை எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குப் பிடித்ததை அல்ல. ஜன்னலோரக் கட்டில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

முக்கியமாக, அந்த எறும்பை விட்டுவிடுங்கள். "வலிக்கும், ஆனால் அது ஆறுகிற வலி, அதற்கு மருந்து உண்டு, நாங்கள் பக்கத்தில் இருப்போம்" என்று சொல்லுங்கள். அந்த நாலு வார்த்தையில் பொய் ஒன்றுமில்லை. விழித்தெழுந்து வலியை உணரும் வேளையில், நீங்கள் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது என்ற நிம்மதியாவது அவருக்கு இருக்கும்.