களிமண்ணும் குட்டி ரோஜாவும்

"மாயவரத்து மண்ணுல எதை வெச்சாலும் முளைக்கும்" என்று எங்கள் தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

புகுந்த வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அக்கா தன் குட்டி ரோஜாத் தொட்டியை என்னிடம் கொடுத்து, "தம்பி, பத்திரமாப் பாத்துக்கடா" என்றாள். நல்லது செய்வதாக நினைத்து அதைக் கொல்லையில் நட்டு, இருவேளையும் தண்ணீர் ஊற்றினேன். ஐப்பசி அடைமழையில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. "தண்ணியிலயே செத்துப்போச்சு. இந்த ஒரு குச்சிதான் பச்சையா இருக்கு, மணல்ல சொருகு" என்றாள் அம்மா.

காரணம் மண் பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்குப் புரிந்தது. மணலில் ஊற்றிய நீர் சடசடவென்று இறங்கியது. களிமண்ணில் நகரவே இல்லை. களியின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதன் இடுக்கில் நீர் நின்றால் காற்றுக்கு இடமில்லை. நெற்பயிர் தண்டின் வழியே வேருக்குக் காற்றைக் கொண்டுபோகும். ரோஜாவுக்கு அந்த வசதி கிடையாது!

குட்டி ரோஜா வெட்டி வெட்டிக் குள்ளமாக்கிய செடியல்ல, பிறவிக் குள்ளம். சீன ரோஜாவின் வழிவந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ரால்ஃப் மூர் (1907–2009) இதில் நூற்றுக்கணக்கான ரகங்களை உருவாக்கினார். ஒட்டுக் கட்ட வேண்டியதில்லை. 4 அங்குலக் குச்சியே வேர்பிடிக்கும்.

நம் ஊருக்கு ஏற்ற முறை இதுதான். அடியில் ஓட்டையுள்ள 8 அங்குல மண்தொட்டி. ஓட்டையின் மேல் உடைந்த ஓட்டுத்துண்டு. செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. தினம் 6 மணி நேர வெயில். மேல்மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். 15 நாளுக்கு ஒருமுறை, ஊறவைத்த கடலைப்புண்ணாக்கை நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றலாம். செம்பேன் வந்தால் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மழைக்காலத்தில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழை ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்தால் புதுத் துளிரில் மொட்டு வரும்.

ஆடிப்பெருக்குக்கு வந்த அக்கா தொட்டியைப் பார்த்தாள். ரூபாய் நாணயம் அளவில் மூன்று பூக்கள்.

"புதுசா வாங்கினியாடா?"

"இல்லக்கா, உன் செடிதான். வேர் மட்டும்தான் புதுசு."

– மூன்றாம் ஆண்டு, சிவில்