பேனா முனையில் மாதச் செலவு

சர்க்கரை நோய் மருந்துகளின் விலை மளமளவென்று சரிந்திருக்கிறது. ஆனால் நோயாளியின் பில் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது இன்னமும் டாக்டர் எழுதும் சீட்டுதான்.

2025 மார்ச் 11. எம்பாகிளிஃபுளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தின் காப்புரிமை அன்று இந்தியாவில் முடிந்தது. காத்திருந்த உள்நாட்டுக் கம்பெனிகள் உடனே களத்தில் குதித்தன. அதுவரை சுமார் 60 ரூபாய்க்கு விற்ற மாத்திரை, 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்க ஆரம்பித்தது. தினம் ஒன்று சாப்பிடுபவரின் மாதச் செலவு 1,800 ரூபாயிலிருந்து 300 ரூபாயாகக் குறைய வழி பிறந்தது.

ஆனால் அந்த வழியில் நோயாளி தானாகப் போய்விட முடியாது. சீட்டில் பழைய பிராண்டின் பெயர் இருந்தால், அதே மருந்தை வேறு பெயரில் மலிவாகக் கொடுக்க மருந்துக் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர்; பணம் கொடுப்பவர் வேறொருவர்.

இது யாரோ சிலரின் பிரச்னை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானபோது, சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை 10.1 கோடி என்று தெரிந்தது. நோயின் வாசலில் நிற்பவர்கள் மேலும் 13.6 கோடி. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சொந்தப் பையிலிருந்து போகிறது என்கிறது 2021-22-க்கான அரசின் கணக்கு. ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டிய நோயில் இந்தச் சுமை மாதா மாதம் வந்து நிற்கும்.

இத்தனைக்கும் சிகிச்சையின் அஸ்திவாரம் மிக மலிவானது. பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரை, விலைக் கட்டுப்பாட்டின் கீழ் இரண்டு ரூபாய் அளவில் கிடைக்கிறது. பழைய மருந்து என்று ஒதுக்கவும் முடியாது. உடல் பருமனான நோயாளிகளிடம் சர்க்கரை நோய் சார்ந்த மரணங்களை அது 42 சதவீதம் குறைத்ததை 1998-ல் பிரிட்டனின் பெரும் ஆய்வு காட்டியது.

இரண்டாவது மருந்தில்தான் செலவு பிரிகிறது. கிளிமிபிரைடு மலிவு, ஆனால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும் ஆபத்து உண்டு. கிளிப்டின் வகை மருந்துகளில் அந்த ஆபத்து குறைவு. விலை அதிகமாக இருந்தது. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய சர்வதேச ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. சர்க்கரை இறங்கிய அனுபவம் லினாகிளிப்டின் சாப்பிட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கும், கிளிமிபிரைடு சாப்பிட்டவர்களில் 37.7 சதவீதம் பேருக்கும் ஏற்பட்டது. இதயத்தைக் காப்பதில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. தனியாக வசிக்கும் முதியவருக்கு கிளிப்டின் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. எல்லோருக்கும் எழுதுவதற்கு அது காரணமாகிவிடாது.

எம்பாகிளிஃபுளோசினின் கதை வேறு. ஏற்கெனவே இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளிடம் இதய மரணங்களை அது 38 சதவீதம் குறைத்தது 2015-லேயே தெரிந்துவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்குப் புது மருந்து ஆடம்பரம் அல்ல, அவசியம். பத்தாண்டுகள் அதைத் தடுத்து நின்றது விலைதான். அந்தத் தடை இப்போது இல்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022-ல் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்ததும், மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து 60 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டு டெனிலிகிளிப்டினும் கிளார்ஜின் இன்சுலினும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாடு 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியைப் பின்பற்றி, ராஜஸ்தான் 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து தருகிறது. ஆனால் பேனாவின் மீது கை வைத்தபோது கதை மாறியது. பிராண்டு பெயருக்குப் பதில் மருந்தின் மூலப் பெயரையே எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டுவந்தது. தரத்துக்கு யார் பொறுப்பு என்று டாக்டர்கள் கேட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் விதி நிறுத்திவைக்கப்பட்டது.

டாக்டர்களின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. மலிவு மருந்தின் தரத்தில் நம்பிக்கை வராதவரை பேனா பிராண்டையே நாடும். எனவே, தரப் பரிசோதனையைப் பலப்படுத்தாமல் விதியை மட்டும் மாற்றுவதால் பயன் குறைவு.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தனியார் டாக்டரிடம் போய் வாங்கும் தினசரி மாத்திரைக்குத் தருவதில்லை. சிறுநீரகம் பழுதான பிறகு டயாலிசிஸுக்குப் பணம் உண்டு. பழுதாகாமல் காக்கும் மாத்திரையை நோயாளியே வாங்கிக்கொள்ள வேண்டும். கையில் காசு இல்லாத மாதம் பலரும் முதலில் நிறுத்துவது அந்த மாத்திரையைத்தான். சில ஆண்டுகள் கழித்துக் கண்ணும் காலும் சிறுநீரகமும் அதற்குக் கணக்குத் தீர்க்கின்றன.

அதுவரை நோயாளியிடம் இருப்பது ஒரு கேள்விதான்: "டாக்டர், இதே மருந்து விலை குறைவாக வேறு பெயரில் இருக்கிறதா?" கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். வருடத்துக்கு 18,000 ரூபாய் மிச்சமாகும் என்றால் கூச்சப்படுவது நஷ்டம்.