கார்ப்போவ் 5, காஸ்பரோவ் 0?

“என்ன சார், காஸ்பரோவ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலையா?”

என்னிடம் செஸ் கற்கும் பையன் கேட்டான். 1984-இல் மாஸ்கோவில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தைத் திறந்து கிராஸ்டேபிள் என்ற முடிவு அட்டவணையைப் போட்டிருக்கிறான். கார்ப்போவ் 5 வெற்றி, காஸ்பரோவ் சைபர். கடைசி ஆட்டத்துக்குப் போய் அதே அட்டவணையைப் போடச் சொன்னேன். இப்போது காஸ்பரோவ் 3, கார்ப்போவ் 1! நிஜக் கணக்கு 5-3. மீதி 40 ஆட்டமும் டிரா.

நாங்கள் வைத்திருப்பது ஸ்கிட் என்ற இலவச மென்பொருள். அதற்கு ஆட்டங்களைத்தான் தெரியும், போட்டியைத் தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்தின் தலைப்பிலும் போட்டியின் பெயர், ஊர், ஆடிய தேதி இருக்கும். அட்டவணை கேட்டால், திறந்திருக்கும் ஆட்டத்தின் பெயரும் ஊரும் எந்தெந்த ஆட்டங்களில் அப்படியே இருக்கின்றன என்று தேடும். அவற்றிலும், அந்த ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மாதத்துக்குள் ஆடியவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளும்.

மாஸ்கோ போட்டி 1984 செப்டம்பர் 10-இல் தொடங்கி, பிப்ரவரி 15-இல் முடிவில்லாமலே நிறுத்தப்பட்டது. முதல் ஆட்டத்திலிருந்து மூன்று மாதம் என்றால் டிசம்பர் 10. காஸ்பரோவின் முதல் வெற்றி அதற்குப் பிறகுதான், 32-ஆவது ஆட்டத்தில் வந்தது. கடைசி ஆட்டத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தாலோ கார்ப்போவின் முதல் நான்கு வெற்றிகள் எல்லைக்கு வெளியே போய்விடும். நவம்பர் கடைசியில் நடந்த ஆட்டம் ஒன்றைத் திறந்து பாருங்கள், 48 ஆட்டமும் வந்துவிடும்.

உலகப் பட்டத்துக்கு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் 2020 கேண்டிடேட்ஸ் போட்டி இதைவிடக் கஷ்டம். யெகாதெரின்பர்க்கில் மார்ச் 17-இல் தொடங்கி, ஏழு சுற்று முடிந்ததும் கொரோனாவால் நின்றது. மறுபடி ஆடியது 2021 ஏப்ரல் 19-இல். எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் பாதிப் போட்டிதான் கிடைக்கும். முதல் பாதியில் நெப்போம்நியாச்சியும் வாஷியே-லக்ராவும் தலா 4.5 புள்ளியோடு முன்னணி. இரண்டாம் பாதியை மட்டும் பார்த்தால் முதலிடம் 4.5 எடுத்த டிங் லிரெனுக்கு. போட்டியை வென்றவர் 8.5 புள்ளி எடுத்த நெப்போம்நியாச்சி.

அப்படியானால் மூன்று மாதத்தைப் பதினான்கு மாதமாக நீட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. பெயரில் ஆண்டைக் குறிக்காமல் ஒரே ஊரில் வருடாவருடம் நடக்கும் போட்டிகள் எத்தனையோ. போன வருடமும் இந்த வருடமும் ஒரே அட்டவணையில் கலந்துவிடும். இணையத்தில் வாராவாரம் நடக்கும் போட்டிகளுக்கு மூன்று மாதமே அதிகம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு கால எல்லை கிடையாது, அதைத் தேடுவதும் வீண்.

வழி வேறு இடத்தில் இருக்கிறது. ஆடிய தேதியோடு ‘ஈவண்ட் டேட்’ என்றும் ஒரு கட்டம் உண்டு. போட்டி தொடங்கிய நாளுக்கானது. பலர் அதைக் காலியாகவே விடுகிறார்கள். அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் ஸ்கிட் மூன்று மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதே தொடக்க நாள் உள்ள ஆட்டங்களைத் திரட்டிவிடும். கேண்டிடேட்ஸ் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் 2020.03.17 என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அட்டவணையை நம்புமுன் ஆட்டங்களை ஒருமுறை எண்ணுங்கள். எட்டுப் பேர் இருமுறை மோதினால் 56 இருக்க வேண்டும். 28 இருந்தால், கையில் இருப்பது பாதிப் போட்டி.