'கடைசி 3 மனைதான் பாக்கி!' - ஏற்காடு நில விளம்பரத்தைப் படிப்பது எப்படி?

கோடை தொடங்கினால் போதும், சேலம், ஈரோடு, பெங்களூரு பக்கம் இருப்பவர்களின் போனில் ஏற்காடு ரீல்ஸ் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். பனி, காபித் தோட்டம், மெல்லிய இசை. நடுவே ஒரு மனை விளம்பரம்:

"ஏழைகளின் ஊட்டியில் உங்களுக்கென ஒரு சொர்க்கம்! சேலத்திலிருந்து 20 நிமிடம்தான். டாக்டர்கள், ஐ.டி. ஊழியர்கள் வாங்கிவிட்டார்கள். கடைசி 3 மனைகள். ஞாயிறு வரைதான் இந்த விலை. ரெரா அப்ரூவல் விரைவில்!"

இது எந்த நிறுவனத்தின் விளம்பரமும் அல்ல, உதாரணத்துக்காக நாம் எழுதியது. ஆனால், ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும்.

பேசிச் சம்மதிக்க வைப்பது குற்றமல்ல. நம்பிக்கை, உணர்ச்சி, தர்க்கம் ஆகிய மூன்றின் வழியாகத்தான் பேச்சு மனதை மாற்றுகிறது என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டார். நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: 'இந்த வரியைச் சரிபார்க்க முடியுமா?'

கடன் வாங்கிய பெயர்

'ஏழைகளின் ஊட்டி' என்றதும் ஊட்டியின் குளிரும் மதிப்பும் ஏற்காட்டின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. கூடவே 'விலை கம்மி' என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி உயர வித்தியாசம் மட்டுமே 4 டிகிரிக்கு மேல் வரும். ஏற்காடு அழகான ஊர்தான். ஆனால், மனையின் விலையை ஊட்டியோடு அல்ல, பக்கத்து சர்வே எண்ணில் பதிவான விலையோடு ஒப்பிடுங்கள்.

வசதியான எண்

எண்ணைப் பார்த்தால் உண்மை மாதிரியே தோன்றும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. அதை 20 நிமிடத்தில் கடக்க, மணிக்கு 90 கி.மீ. வேகம் வேண்டும். அதுவும் 20 கொண்டை ஊசி வளைவுகளில்! 'எங்கிருந்து, எதுவரைக்கும் 20 நிமிஷம்?' என்று கேளுங்கள். மலை அடிவாரத்திலிருந்து கணக்கு ஆரம்பிக்கலாம்.

'எல்லாரும் வாங்கிட்டாங்க'

கூட்டம் இருக்கும் கடையில் நாமும் நுழைவது இயல்பு. அந்த இயல்பைத்தான் இந்த வரி பயன்படுத்துகிறது. யார் வாங்கினார்கள் என்பதைவிட, அது பத்திரப் பதிவு ஆனதா என்பதே முக்கியம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஞாயிறு வரைதான்

இது யோசிக்கும் நேரத்தைப் பறிக்கும் உத்தி. ஹோட்டல் புக்கிங்கில் 'ஒரே ஒரு ரூம் பாக்கி' என்று வருவதும் இதே வகைதான். ஆன்லைன் தளங்கள் இப்படிப் போலி அவசரம் காட்டுவதை, 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ளன.

பாதி உண்மை

மேலே உள்ள விளம்பரத்தில் மிக ஆபத்தான வரி கடைசி வரிதான். 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க, 2016-ம் ஆண்டின் ரெரா சட்டப்படி பதிவு வேண்டும். பதிவுக்கு முன் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். ஆக, 'விரைவில்' என்ற சொல் வாக்குறுதி அல்ல, எச்சரிக்கை!

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்பதும் இதே ரகம். மனைப் பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. ஏற்காடு மலைக் கிராமங்களில் 'ஹாகா' எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் தேவை.

பணம் கட்டும் முன்

* ரெரா பதிவு எண்ணை ஆணைய இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது.
* பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். அரசு நிபந்தனையுடன் வழங்கிய நிலமா என்றும் கேளுங்கள்.
* ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.
* விளம்பரத்தை சேமித்து வையுங்கள். அதில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டியிருந்தால், இழப்பீடோ வட்டியுடன் முழுப் பணமோ கேட்க ரெரா சட்டத்தின் 12-வது பிரிவு வழி செய்கிறது.

கடைசியாக ஒன்று. விற்பவரிடம், "ஒரு வாரம் டைம் கொடுங்க, பேப்பரை வக்கீல்கிட்ட காட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஆவணம் சரியாக இருப்பவர் நகலை எடுத்துக் கொடுப்பார். "அதுக்குள்ள போயிடும் சார்" என்பதே பதிலாக வந்தால், போகட்டும் என்று விட்டுவிடலாம்.