கடனட்டையின் வெளிநாட்டுப் பயன்பாடும் கடன் வரலாறும்

கடனட்டையின் வெளிநாட்டுப் பயன்பாடு என்பது ஒரு நாட்டின் வங்கி வழங்கிய கடனட்டையைக் கொண்டு வேறொரு நாட்டில், அந்நாட்டு நாணயத்தில், பொருளுக்கோ சேவைக்கோ பணம் செலுத்துவதாகும். கடன் வரலாறு என்பது ஒருவர் பெற்ற கடன்கள், அவற்றை அவர் திருப்பிச் செலுத்திய விதம் ஆகியவற்றின் தொடர் பதிவாகும். செலவு எந்த நாட்டில் நிகழ்ந்தாலும், அதன் பதிவு பொதுவாக அட்டையை வழங்கிய நாட்டிலேயே சேர்கிறது. சிங்கப்பூரில் இந்திய அட்டையைப் பயன்படுத்துபவரின் கடன் வரலாறு இந்தியாவில்தான் எழுதப்படுகிறது. சிங்கப்பூர் வங்கியிடம் பெற்ற அட்டையின் வரலாறு சிங்கப்பூரிலேயே தங்கிவிடுகிறது. கடன் வரலாறு இவ்வாறு நாட்டு எல்லைக்குள் நின்றாலும், கடனைத் தீர்க்கும் பொறுப்பு எல்லையைக் கடந்து வரக்கூடும்.

பின்னணி

கடன் வரலாறு என்னும் கருத்து தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. பொதிகை மலை அடிவாரத்தில் தாமிரபரணிக் கரையில் அமைந்த விக்கிரமசிங்கபுரம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்வி நிறுவனத்தார் தொடங்கிய நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊராகும். இத்தகைய ஊர்களில் பலசரக்குக் கடையில் பற்று வைத்துப் பொருள் வாங்கி, சம்பளம் வந்ததும் தீர்ப்பது பழகிய வழக்கம். கடைக்காரரின் பற்று நோட்டே வாடிக்கையாளரின் கடன் வரலாறு. ஒழுங்காகத் தீர்ப்பவருக்குக் கூடுதல் பற்று கிடைக்கும். ஆனால் அந்த நோட்டு அந்தக் கடைக்கு மட்டுமே உரியது. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர் அங்குள்ள கடையில் புதிதாகவே நம்பிக்கையைப் பெறவேண்டும். இன்றைய கடன் தகவல் நிறுவனங்கள் இந்த நோட்டை ஒரு நாடு முழுவதற்கும் பொதுவாக்கியுள்ளன. பல நாடுகளுக்கும் பொதுவாக்கவில்லை.

தெற்காசியாவில் இலங்கையில் 1990 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி கடன் தகவல் பணியகம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் சிபில் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் கீழ் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்சுபீரியன், ஈக்குவிஃபாக்சு, கிரிஃப் ஐமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும்.

செயல்படும் முறை

வெளிநாட்டுக் கடையில் அட்டை பயன்படுத்தப்படும்போது, கடைக்காரரின் வங்கி விசா, மாசுட்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பின் வழியாக அட்டை வழங்கிய வங்கியிடம் ஒப்புதல் கேட்கிறது. ஒப்புதல் கிடைத்தவுடன் அத்தொகை அட்டையின் வரம்பிலிருந்து ஒதுக்கி வைக்கப்படும். கணக்குத் தீர்வு சில நாட்கள் கழித்தே நிகழ்வதால், வாங்கிய நாளின் நாணய மாற்று விகிதமும் பட்டியலில் காணப்படும் விகிதமும் வேறுபடலாம்.

இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஆம் ஆண்டில் கொண்டுவந்த விதியின்படி, புதிய அட்டைகள் வழங்கப்படும்போது உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறக்கப்பட்டிருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை அட்டைதாரரே வங்கியின் செயலி, இணையதளம் போன்ற வழிகளில் இயக்கிக்கொள்ள வேண்டும். பயணம் முடிந்தபின் அதனை மீண்டும் அணைத்துவைக்கலாம்.

சில வெளிநாட்டுக் கடைகளில் பணத்தை உள்ளூர் நாணயத்தில் செலுத்துவதா, இந்திய ரூபாயில் செலுத்துவதா என்று கருவி கேட்கும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடையின் வங்கி தரப்பே முடிவு செய்கிறது. இவ்விகிதம் பெரும்பாலும் அட்டை வலையமைப்பின் விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் ஒருவரிடம் 1,00,000 ரூபாய் வரம்புள்ள இந்தியக் கடனட்டை இருப்பதாகக் கொள்வோம். அவர் அங்கே 1,000 சிங்கப்பூர் வெள்ளி செலவிடுகிறார். கணக்கின் எளிமைக்காக ஒரு வெள்ளி 60 ரூபாய் எனவும், வங்கியின் அயல்நாணயக் கட்டணம் 3.5 விழுக்காடு எனவும் கொண்டால், பட்டியல் பின்வருமாறு அமையும்.

- பொருளின் விலை: 60,000 ரூபாய்
- அயல்நாணயக் கட்டணம்: 2,100 ரூபாய்
- அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி: 378 ரூபாய்
- மொத்தம்: 62,478 ரூபாய்

பொருளின் விலையை மட்டும் நினைவில் வைத்து 60,000 ரூபாய் செலுத்தினால் 2,478 ரூபாய் நிலுவையாக நிற்கும். அதற்கு வட்டியும் சேரும். செலுத்திய தொகை குறைந்தபட்சத் தொகையைவிட அதிகம் என்பதால் அம்மாதம் அது தவணை தவறியதாகாது. அடுத்த பட்டியலையும் கவனியாது விட்டால், அச்சிறு தொகையே தவணை தவறிய கணக்காகப் பதிவாகும்.

கடன் வரலாற்றில் ஏற்படும் விளைவுகள்

கடன் தகவல் அறிக்கையில் செலவு நடந்த நாடோ கடையின் பெயரோ இடம்பெறுவதில்லை. அட்டையின் வரம்பு, நிலுவைத் தொகை, தவணை தவறிய நாட்கள் ஆகியவையே அதில் காணப்படும். ஆகவே வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்துவது தன்னளவில் மதிப்பெண்ணைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. பின்வரும் வழிகளில் அது மறைமுகமாகப் பாதிக்கிறது.

வரம்புப் பயன்பாடு: மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரம்பில் 62 விழுக்காட்டுக்கு மேல் பயன்பட்டுள்ளது. 30 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. முழுத்தொகையும் செலுத்தப்பட்டபின் பயன்பாடு குறைந்து, அதன் விளைவும் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆயினும் விரைவில் வீட்டுக்கடனோ கல்விக்கடனோ கேட்க இருப்பவர், பட்டியல் நாளுக்கு முன்பே ஒரு பகுதியைச் செலுத்துவது பயன் தரும்.

தவணை தவறுதல்: மதிப்பெண்ணை மிகவும் பாதிப்பது இதுவே. பயணத்தின்போது இந்தியக் கைப்பேசி எண் இயங்காவிடில் நினைவூட்டல்களும் ஒரு முறைக் கடவுச்சொல்லும் வந்து சேர்வதில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, கடைசி நாளுக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் நிலுவை தொடர்ந்தால் மட்டுமே வங்கி அதனைத் தவறிய கணக்காகக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அறிவிக்கலாம். புறப்படும் முன்பே முழுத்தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகச் செலுத்தப்படும் ஏற்பாட்டைச் செய்துகொள்வது பாதுகாப்பான வழியாகும்.

திருப்பித் தரப்படும் தொகை: வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், அத்தொகை திரும்பும் நாளின் மாற்று விகிதத்தில் வரவு வைக்கப்படும். விகிதம் இறங்கியிருந்தால் சிறு நிலுவை எஞ்சும். கணக்குச் சரியாகிவிட்டது என்று கருதி இதனைக் கவனிக்காமல் விடுவதும் தவணை தவறுவதற்குக் காரணமாகலாம்.

பணம் எடுத்தல்: கடனட்டையைக் கொண்டு தானியங்கி இயந்திரத்தில் பணம் எடுத்தால் வட்டியில்லாக் காலம் கிடையாது. பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும்; தனிக் கட்டணமும் உண்டு.

வெளிநாட்டில் குடியேறுவோர்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாடு செல்பவர், இந்தியாவில் எவ்வளவு சிறந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும், அங்கே பொதுவாகப் புதியவராகவே தொடங்குகிறார். சிங்கப்பூரில் 2002 ஆம் ஆண்டு முதல் இயங்கும் கடன் பணியகம் 1000 முதல் 2000 வரை மதிப்பெண் வழங்குகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2014 ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கிய அல் எத்திகாத் கடன் பணியகம், சிபிலைப் போலவே 300 முதல் 900 வரையான அளவைப் பயன்படுத்துகிறது. அளவு ஒன்றாயினும் பதிவுகள் வேறானவை. ஒன்றில் பெற்ற மதிப்பெண் மற்றொன்றுக்கு மாறுவதில்லை. அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்கள் முன்பணம் கட்டிப் பெறும் பிணைய அட்டையின் மூலம் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

இந்தியாவில் விட்டுச்செல்லும் அட்டையும் கவனத்திற்குரியது. பயன்படுத்தாத அட்டைக்கும் ஆண்டுக் கட்டணம் விதிக்கப்படலாம். அது செலுத்தப்படாமல் அபராதத்துடன் வளர்ந்து, பான் எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணுடன் இணைந்து பதிவாகும். பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பி வீடு கட்டக் கடன் கேட்கும்போதே பலர் இதனை அறிய நேர்கிறது. தேவையற்ற அட்டையை நிலுவை தீர்த்து மூடிவிடலாம். நிலுவை இல்லாத அட்டையை மூடுமாறு கேட்டால் வங்கி ஏழு வேலை நாட்களுக்குள் மூடவேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அட்டைதாரருக்குத் தரவேண்டும் என்பது 2022 ஆம் ஆண்டு நெறிமுறை. நெடுங்காலம் நன்கு பேணப்பட்ட அட்டையை மூடாது வைத்திருப்பதாயின், இயங்கும் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வங்கியில் பதிந்துவைக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கடனும் இந்திய நீதிமன்றங்களும்

வெளிநாட்டு வங்கியின் அட்டைக் கடனைத் தீர்க்காமல் ஊர் திரும்பினால், அது பொதுவாக இந்தியக் கடன் அறிக்கையில் தோன்றுவதில்லை. இதனால் அக்கடன் முடிந்துவிட்டது என்ற தவறான எண்ணம் சிலரிடம் உள்ளது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவின்படி, மைய அரசு அறிவித்த பரிமாற்ற நாடுகளின் உயர்நிலை நீதிமன்றங்கள் வழங்கும் பணத் தீர்ப்பாணைகளை, இந்திய மாவட்ட நீதிமன்றம் தானே வழங்கிய தீர்ப்பாணை போலக் கருதி நிறைவேற்றலாம். சிங்கப்பூர் 1968 ஆம் ஆண்டிலும், ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரி 17 அன்றும் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. எனவே துபாய் நீதிமன்றத்தில் ஒரு வங்கி பெற்ற தீர்ப்பாணை, விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்பவரின் சொத்தின் மீது திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தின் வழியாக நிறைவேற்றப்பட வாய்ப்பு உண்டு.

இதற்கு எதிராக வாதிடவும் சட்டம் இடம் தருகிறது. அதிகார வரம்பற்ற நீதிமன்றம் வழங்கியது, வழக்கின் தகுதியை ஆராயாமல் வழங்கப்பட்டது, இயற்கை நீதிக்கு முரணானது, மோசடியால் பெறப்பட்டது என்பன போன்ற காரணங்களை 13ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. எனினும் வேலை இழந்து திரும்ப நேரும் ஒருவர், புறப்படும் முன் வங்கியுடன் பேசித் தவணை முறையில் தீர்வு காண்பதும், கடன் தீர்ந்தபின் அதற்கான எழுத்துச் சான்றைப் பெற்றுப் பாதுகாப்பதும் பிற்காலச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

அறிக்கையைப் பெறுதலும் திருத்துதலும்

இந்தியாவில் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் தனிநபர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையையும் மதிப்பெண்ணையும் கட்டணமின்றி வழங்கவேண்டும். இவ்விதி 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. 2025 ஜனவரி 1 முதல், வங்கிகள் தகவல்களைக் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்தது.

தான் செய்யாத வெளிநாட்டுச் செலவு பட்டியலில் காணப்பட்டால், அட்டையை உடனே முடக்கி வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அறிக்கையில் பிழை இருந்தால் கடன் தகவல் நிறுவனத்திடமோ வங்கியிடமோ முறையிடலாம். முறையீடு 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்கும் ஏற்பாடு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பயணத்தின் பற்றுச்சீட்டுகளை, அடுத்த இரண்டு பட்டியல்களும் சரிபார்க்கப்படும் வரையிலாவது, பாதுகாத்து வைப்பது இத்தகைய முறையீட்டுக்குத் துணையாகும்.