கூடத்து உயிர்கள் – 9: தோலில் இருக்கிறது சங்கதி

பாம்பு அறையில் கடிபடாமல் தப்ப வேண்டியவர்கள் நாம். தவளை அறையில் நிலைமை தலைகீழ். அங்கே நம்மிடமிருந்து தப்ப வேண்டியது தவளைதான்.

ஆய்வுக்கூடத் தவளை என்றாலே பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் நகத் தவளை, ஸெனோபஸ் லேவிஸ். நாக்கே கிடையாது, வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும். 1930-இல் கேப் டவுனில் விலங்கியலாளர் லான்சலாட் ஹாக்பென், மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றினால் பெண் தவளை முட்டையிடுவதைக் கண்டார். அதிலிருந்து கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி போட்டால், கர்ப்பம் என்றால் மறுநாளுக்குள் முட்டை. அதற்குமுன் எலியை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தவளையையோ தொட்டிக்கே திருப்பி அனுப்ப முடிந்தது.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. தொட்டியில் என்ன கலந்திருக்கிறதோ அது தவளைக்குள்ளும் போய்விடும். குழாய்த் தண்ணீரைத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரமைன் அப்படிப் போகாது, சோடியம் தயோசல்பேட் போட்டாக வேண்டும். செம்புக் குழாய் கூடவே கூடாது. கையில் பூசிய கிரீமும் சானிட்டைசரும்கூட நஞ்சுதான். அதனால் பவுடர் இல்லாத கையுறை, அதுவும் நனைத்துப் போட்டது. பிடிக்கும்போது உள்ளங்கை முதுகை மூட, ஆள்காட்டி விரல் பின்னங்கால்களுக்கு நடுவே போக வேண்டும். கண்ணை மறைத்தால் அடங்கும். இறுக்கினால் தோலிலிருந்து வெள்ளை நுரையாக ஒரு கொழகொழப்பு கசியும். தவளை மிரண்டுவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் தோலின் அருமை 1987-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. முட்டை எடுக்க வயிற்றைக் கீறித் தைத்த தவளைகளைக் கலங்கல் தொட்டியில் விட்டும் சீழ் பிடிக்கவில்லையே என்று ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் யோசித்தார். தோலிலிருந்தே கிருமிக்கொல்லிப் புரதத் துணுக்குகளைப் பிரித்தெடுத்து மகெய்னின் என்று பெயரிட்டார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ‘தவளை எதையும் தாங்கும்’ என்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. வறண்ட கையால் அழுத்தித் துடைக்கும்போது வழித்தெடுப்பது அந்தக் காப்பைத்தானே?

மயக்க மருந்தும் தோல் வழியாகத்தான். எம்.எஸ்.222-ஐத் தண்ணீரில் கரைத்துத் தவளையை அதில் விடுவார்கள். மருந்து அமிலத்தன்மை உள்ளது. சமையல் சோடா சேர்த்துச் சமன் செய்யாவிட்டால் தோல் எரியும். மயங்கியதை ஆழத் தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும். நுரையீரலால் மூச்சு விடும் பிராணி ஆயிற்றே! ஈரத்துணியில் மூக்கு வெளியே தெரியக் கிடத்த வேண்டும்.

நமக்கு வரும் ஆபத்து சால்மோனெல்லா. சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அந்த அறையில் டீ குடிக்காமல் இருப்பதும் போதும்.

வெளியே இருக்கும் தவளைகளுக்கு வரும் ஆபத்துதான் பெரிது. கைட்ரிட் என்ற பூஞ்சையைத் தான் நோயுறாமலே நகத் தவளை சுமக்கும். மற்ற தவளை இனங்களில் பலவற்றை அந்தப் பூஞ்சை கொன்று தீர்த்திருக்கிறது. தப்பியும் விடப்பட்டும் போன நகத் தவளைகள் கலிபோர்னியாவிலும் சிலியிலும் காட்டுக் குட்டைகளில் பெருகிக் கிடக்கின்றன. அதனால் தொட்டிக் கழிவுநீரை பிளீச் கலந்த பிறகே சாக்கடையில் விட வேண்டும். ஒரு தொட்டியின் வலையை இன்னொன்றில் நுழைக்கவும் கூடாது.

(தொடரும்)