தலை எண்ணிப் போட்ட எல்லை
மூன்று ஒப்பந்தங்களுக்குப் பின் போடோலாந்துக்கு சுயாட்சி கிடைத்துவிட்டது. எந்த ஊர் யாருடையது என்ற கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை

பிரம்மபுத்திராவின் வடகரையில், பூட்டான் மலையடிவாரம் வரை நெல்வயல்கள். பாத்தௌ சமயத்தைப் பின்பற்றும் போடோக்களின் வீட்டு முற்றத்தில் ஒரு கள்ளிச் செடி நிற்கும். அதுதான் தெய்வம். அதைச் சுற்றி மூங்கில் வேலி. அந்த வேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் போடோலாந்தின் எல்லையைத் தீர்மானிக்க மூன்று ஒப்பந்தங்கள் தேவைப்பட்டன. போராட்டத்தில் மடிந்தவர்கள், அரசின் கணக்குப்படியே, 4,000க்கும் மேல்.

சமவெளிப் பழங்குடிகளான போடோக்களின் மனக்குறை நிலத்தில் தொடங்குகிறது. பழங்குடிகளின் நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுக்க 1947இல் அசாமில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஏற்படுத்தப்பட்டன. சட்டம் ஏட்டில் இருந்தது, நிலம் கை மாறிக்கொண்டே இருந்தது. 1952இல் உருவான போடோ சாகித்ய சபா, 1963இல் ஆரம்பப் பள்ளிகளில் தாய்மொழிக் கல்வியைப் பெற்றது. ரோமன் எழுத்து கேட்டு 1974இல் நடந்த போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. கடைசியில் முடிவானது தேவநாகரி.

1967இல் எழுந்த 'உதயாசல்' என்ற தனிப்பகுதிக் கோரிக்கை மெல்லத் தேய்ந்தது. வெளிநாட்டவருக்கு எதிரான கிளர்ச்சியை முடித்து வைத்த 1985ஆம் ஆண்டின் அசாம் ஒப்பந்தம், அசாமியரின் அடையாளத்தைக் காப்பதாக உறுதி கூறியது. அந்த அடையாளத்தில் தங்களுக்கு இடமில்லை என்று போடோ இளைஞர்கள் கருதினார்கள். அனைத்து போடோ மாணவர் சங்கத்தின் தலைவர் உபேந்திரநாத் பிரம்மா 1987இல் தனி மாநிலப் போராட்டத்தைத் தொடங்கினார். 'அசாமைச் சரிபாதியாகப் பிரி' என்பது கோஷம். 1990இல் அவர் இறந்தார். 'போடோஃபா', போடோக்களின் காவலர், என்று மக்கள் அவரைப் போற்றுகிறார்கள்.

முதல் ஒப்பந்தம் 1993 பிப்ரவரி 20இல் கையெழுத்தானது. போடோலாந்து சுயாட்சி கவுன்சில் பிறந்தது, எல்லை இல்லாமலேயே. பழங்குடிகள் பாதிக்கு மேல் இருக்கும் கிராமங்களைச் சேர்ப்பது என்பது விதி. அசாம் அரசு 2,570 கிராமங்களைப் பட்டியலிட்டது. இன்னும் 515 வேண்டும் என்றார்கள் போடோ தலைவர்கள். அங்கெல்லாம் உங்கள் எண்ணிக்கை போதாது என்று அரசு கைவிரித்தது.

விபரீதம் அங்கேதான் தொடங்கியது. ஊரில் எத்தனை பேர் என்பதே ஊரின் தலையெழுத்தானால், எண்ணிக்கையைக் குறைக்க வழி தேடுபவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். 1993இலும் 1994இலும் வங்காள மொழி பேசும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். 1996இல் சந்தால்கள். வெள்ளையர் காலத்தில் இங்கே குடியமர்த்தப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்கள். பல்லாயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் கிடந்தன. கவுன்சிலுக்கோ ஒரு தேர்தல்கூட நடக்கவில்லை.

2003 பிப்ரவரி 10இல் இரண்டாவது ஒப்பந்தம். இம்முறை பேசியது ஆயுதம் ஏந்திய போடோ விடுதலைப் புலிகள் அமைப்பு. மலைவாழ் பழங்குடிகளுக்கென எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணை, போடோக்களுக்காகத் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் 2,641 போராளிகள் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அவர்களின் தலைவர் ஹக்ராமா மொஹிலாரி புதிய பிராந்திய கவுன்சிலின் தலைவரானார். கோக்ராஜார், சிராங், பாக்சா, உதால்குரி என நான்கு மாவட்டங்கள். போடோ மொழி எட்டாவது அட்டவணையில் ஏறியது.

நிலம், வனம், கல்வி, வேளாண்மை உள்ளிட்ட 40 துறைகளில் கவுன்சில் சட்டம் இயற்றலாம். ஆனால் மாவட்டத் துணை ஆணையரும் போலீஸ் கண்காணிப்பாளரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. பணம் பெரும்பாலும் மாநில அரசின் வழியாகவே வர வேண்டும். கலவரம் மூண்டால் கவுன்சில் கவுஹாத்தியைக் கைகாட்டும், கவுஹாத்தி கவுன்சிலைக் கைகாட்டும்.

இன்னொரு சிக்கல் நாற்காலிகளில் இருக்கிறது. கவுன்சிலின் 46 இடங்களில் 30 பழங்குடிகளுக்கு. பழங்குடியல்லாதாருக்கு 5, பொதுவில் 5, ஆளுநர் நியமிப்பது 6. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி பகுதியின் மக்கள்தொகையான 31 லட்சத்தில் போடோக்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மாநிலத்தில் சிறுபான்மை, சொந்தப் பகுதியிலும் சிறுபான்மை. இடங்களை விட்டுக்கொடுத்தால் சுயாட்சி எதற்கு என்பது போடோக்களின் வாதம். ராஜ்போங்ஷிகள், ஆதிவாசிகள், முஸ்லிம்கள், நேபாளிகள் கேட்பதோ, பெரும்பான்மையான எங்களுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்பது. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

2012 கலவரத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். அகதிகளில் முஸ்லிம்களும் உண்டு, போடோக்களும் உண்டு. 2014இல் போடோ அல்லாதாரின் ஆதரவுடன் நின்ற சுயேச்சை நபகுமார் சரணியா, கோக்ராஜார் மக்களவைத் தொகுதியில் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே டிசம்பரில் தீவிரவாதிகள் ஒரே நாளில் பல ஆதிவாசி கிராமங்களில் புகுந்து சுட்டார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

மூன்றாவது ஒப்பந்தம் 2020 ஜனவரி 27இல் வந்தது. எஞ்சிய பிரிவுகளின் 1,615 பேர் ஆயுதம் துறந்தார்கள். 1,500 கோடி ரூபாய் நிதித் திட்டம், அசாமில் போடோவுக்கு இணை ஆட்சிமொழி அந்தஸ்து, கவுன்சிலில் 60 இடங்கள் என உறுதிமொழிகள். 2022இல் தமுல்பூர் ஐந்தாவது மாவட்டமானது. ஆனால் 2025 தேர்தல் பழைய 40 தொகுதிகளுக்கே நடந்தது. ஐந்தாண்டுக்கு முன் பதவி இழந்த மொஹிலாரியின் கட்சி 28 இடங்களில் வென்று திரும்பியது. துப்பாக்கி இல்லாமல் ஆட்சி மாறியதே இந்த மண்ணில் பெரிய செய்தி.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. எல்லையோர போடோ கிராமங்களை உள்ளே சேர்ப்பது, பழங்குடியல்லாதார் மிகுந்த கிராமங்களை வெளியே விடுவது பற்றி ஓர் ஆணையம் ஆராயும். மறுபடியும் பட்டியல், மறுபடியும் தலைக்கணக்கு. 1993இல் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை முகாம்களில் வளர்ந்த தலைமுறை மறந்திருக்காது.